சின்ன காஞ்சிபுரத்தில் நாள்முறை உரிமைகள்: வழங்கு விலையும் கைமாறு மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

காலத்தால் பகுக்கப்பட்ட உரிமைகளைத் தொடக்கத்தில் வழங்குபவர் தம் விலையை உயர்த்தும்போது, முன்பே அவ்வுரிமையைப் பெற்றவரின் கைமாற்று மதிப்பும் குத்தகை மதிப்பும் உயர்கின்றனவா என்பது இக்கட்டுரையின் வினா. சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலை மையமாகக் கொண்டு கோயில் முறை, விட்டவன் விழுக்காடு, செங்கற்பட்டு ஜாகீரின் மிராசுப் பங்கு ஆகியவற்றையும், சென்னையை இருப்பிடமாகக் கொண்டு வளர்ந்த விடுமுறைக் காலப்பங்குத் தொழிலையும் இது ஒருங்கே நோக்குகிறது. வழங்கு விலை கைமாற்று விலைக்கு மேல்வரம்பாக மட்டுமே அமைகிறது. கைமாற்று மதிப்பை உறுதிசெய்வன நிகர வரவும், கைமாற்றக்கூடிய வட்டமும், எஞ்சிய காலமுமே என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கல்வெட்டுகளில் காணப்படும் அறக்கட்டளைத் தொகைகளைச் சந்தை விலைகளாக வாசிக்கும் முறை திருத்தப்பட வேண்டும் என்பது இதன் முறையியல் முடிவு.

திறவுச்சொற்கள்: சின்ன காஞ்சிபுரம், வரதராசப் பெருமாள் கோயில், முறை, முப்பது வட்டம், விட்டவன் விழுக்காடு, மிராசு, காலப்பங்கு, கைமாற்று விலை

1. முன்னுரை

இடைக்காலத் தமிழகத்தின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர்க்குக் கல்வெட்டுகளே முதன்மைச் சான்றுகள். ஒரு நுந்தா விளக்குக்கு இத்தனை ஆடு, ஒரு நாள் தளிகைக்கு இத்தனை பணம், ஒரு திருநாள் கட்டளைக்கு இத்தனை பொன் என்று அவை தரும் எண்களைத் தொகுத்து, அவற்றிலிருந்து விலைவாசியையும் வட்டியையும் செல்வ நிலையையும் கணிப்பது நெடுநாள் வழக்கம். அந்த எண்கள் எவ்வகை விலைகள் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒரு கோயிற் பண்டாரம் புதிய கட்டளையை ஏற்கக் கேட்கும் தொகை ஒன்று. அக்கட்டளையால் பிறந்த பங்கைப் பெற்றவர் அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது பெறும் தொகை வேறொன்று. அப்பங்கை ஓராண்டுக்கோ ஒரு திருநாளுக்கோ குத்தகைக்கு விடும்போது வருவது மூன்றாவது தொகை. இம்மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதே குழப்பம் இன்றைய வணிகம் ஒன்றிலும் நிலவுகிறது. விடுமுறை இல்லங்களில் ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கும் உரிமையை விற்கும் காலப்பங்கு நிறுவனங்கள் தம் விலையை அவ்வப்போது உயர்த்துகின்றன. உயர்வுக்கு முன் வாங்கியவர் ஆதாயம் பெற்றார் என்பது விற்பனைப் பேச்சின் வழக்கமான பகுதி. அவர் தம் பங்கை விற்க முற்படும் நாளில்தான் அந்த ஆதாயம் உண்மையா என்பது தெரிகிறது.

இக்கட்டுரையில் மூன்று சொற்கள் வரையறுத்த பொருளில் ஆளப்படுகின்றன. உரிமையை முதன்முதலாக உருவாக்கித் தருபவர் கேட்கும் தொகை வழங்கு விலை. உரிமையாளர் தம் உரிமையை நிலையாகப் பிறருக்கு விடும்போது பெறுவது கைமாற்று விலை. உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அதன் பயனை மட்டும் ஒரு காலத்துக்கு விடும்போது பெறுவது குத்தகை மதிப்பு.

2. முறையும் வட்டமும்

சின்ன காஞ்சிபுரம், விஷ்ணு காஞ்சி என வழங்கும் பகுதியின் மையம் வரதராசப் பெருமாள் கோயில். இவ்விடத்தின் பழம்பெயர் அத்தியூர். கல்வெட்டுகளில் இறைவன் அருளாளப் பெருமாள் எனப்படுகிறார். சோழர், தெலுங்குச் சோடர், பாண்டியர், விசயநகர மன்னர் ஆகியோர் காலங்களைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இங்கு உள்ளன. கே. வி. இராமன் 1975இல் வெளியிட்ட இக்கோயில் பற்றிய நூல் அவற்றை விரிவாகப் பயன்படுத்தியது.

கோயிற் பணியும் அதற்குரிய வரவும் நாட்களாகப் பகுக்கப்பட்டமை தமிழகம் முழுவதும் காணப்படும் வழக்கு. சோழர் காலச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் 'முப்பது வட்டத்துக் காணியுடைய சிவப்பிராமணர்' என்னும் தொடர் இதற்குத் தெளிவான சான்று. ஒரு மாதத்தின் முப்பது நாட்களும் ஒரு வட்டம். அவ்வட்டத்தில் ஒருவர்க்குரிய நாட்களே அவர் காணி. தந்தையின் பத்து நாள் இரு மக்களிடையே ஐந்தைந்து நாளாகப் பிரியும். பெண்வழி உறவில் ஒரு பகுதி வேறு குடும்பத்துக்குச் செல்லும். நிலத்தைக் கூறுபோடுவது போலவே காலமும் கூறுபோடப்பட்டது. வைணவக் கோயில்களிலும் அர்ச்சகம், பரிசாரகம், மடைப்பள்ளி போன்ற பணிகள் முறைவைத்து நடந்தன. பாசன ஊர்களில் தண்ணீர் முறையும், கரையீட்டு ஊர்களில் நிலத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இதே சிந்தையின் வேறு வடிவங்கள்.

இம்முறை அமைப்பில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. முறை சூரிய மாதத்தின் தேதியை ஒட்டி அமைந்தால், நட்சத்திரத்தையோ திதியையோ ஒட்டி அமையும் திருநாள் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் விழும். எனவே வரவு மிகுந்த திருநாள் ஒரே முறைகாரர் கையில் நிலைத்து நிற்பதில்லை. பல ஆண்டுகளில் அது பலரிடம் சுற்றிவரும். ஒரு முறைநாளின் மதிப்பு அந்த ஆண்டின் வரவால் மட்டும் அமையாமல் நீண்டகாலச் சராசரியால் அமைவதற்கு இது வழிசெய்தது. இன்றைய காலப்பங்கில் நிலையான வாரம், மிதக்கும் வாரம் என்று பிரிப்பதும் இதே சிக்கலுக்கான விடைதான்.

3. வழங்கு விலையின் இயல்பு

கோயில் தன் பக்கத்திலிருந்து வழங்கியது என்ன? கொடையாளி பொன், பணம், நிலம் அல்லது கால்நடையை முதலாக வைத்தார். கோயிலோ, கோயிலின் சார்பில் ஊராரோ அந்த முதலை ஏற்று, அதன் பொலிசையால் குறித்த பணியைச் சந்திராதித்தவரை நடத்துவதாக ஒப்புக்கொண்டனர். உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சென்னை அருங்காட்சியகச் செப்பேடு இவ்வகை ஏற்பாட்டைக் காஞ்சியிலேயே காட்டுகிறது. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குரிய பொன் முதலாக வைக்கப்பட்டதையும், அதன் பொலிசையால் கோயிற் செலவுகள் நடந்ததையும், நகரத்து நெசவாளர் குடியிருப்புகள் அந்த ஏற்பாட்டில் பொறுப்பேற்றதையும் அச்செப்பேடு பதிவுசெய்கிறது. தறியும் கோயிற் பண்டாரமும் ஒரே கணக்கில் இணைந்த நகரம் இது.

இவ்வாறு கேட்கப்பட்ட தொகை ஏற்ற இறக்கத்துக்கு எளிதில் வளையவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்ற கணக்கு வழங்கியது. தொண்டை மண்டலத்தில் 32 பசுக்களை விளக்குக்கு விடும் வழக்கமும் பரவலாக இருந்தது. 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரே இது சந்தைக் கணக்கன்று, சட்டக் கணக்கு என்பதைக் காட்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாது. அளக்க வேண்டிய நெய்யும் குறையாது. இத்தகைய மரபு எண்ணை எடுத்துக்கொண்டு ஆட்டின் விலையையோ நெய்யின் விலையையோ கணிப்பது இடர்ப்பாடு மிக்கது. அந்த எண் கோயில் ஏற்கும் குறைந்த அளவைச் சொல்கிறது. ஆட்டுச் சந்தையைச் சொல்லவில்லை.

விசயநகரக் காலத்தில் பணமாக வைக்கப்படும் முதல் பெருகியது. கிருட்டிணதேவராயர் 1514இல் இக்கோயிலின் புண்ணியகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அச்சுதராயர் 1533இல் தம் தேவியுடனும் மகனுடனும் காஞ்சிக்கு வந்து முத்துத் துலாபாரம் செய்தார். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வரதராசர் கோயிலுக்கும் ஊர்களைச் சமமாகப் பகிர வேண்டும் என்று அவர் ஆணையிட்டிருந்தும், சாளுவ நாயக்கர் ஒரு கோயிலுக்குக் கூடுதலாகக் கொடுத்ததால் அரசர் மீண்டும் தலையிட்டுச் சரிசெய்த செய்தியும் கல்வெட்டில் உள்ளது. கொடையின் அளவு அரசியல் மதிப்பையும் கோயில்களுக்கிடையிலான நிகர்நிலையையும் தாங்கி நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இவ்வாறு உருவான தொகைகளில் பொருளின் விலை ஒரு கூறு மட்டுமே.

4. விட்டவன் விழுக்காடு

கொடையாளிக்குத் திரும்பக் கிடைத்தது புண்ணியம் மட்டுமன்று. படைக்கப்பட்ட தளிகையில் ஒரு பகுதி, பெரும்பாலும் நாலில் ஒன்று, 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரில் அவருக்கு உரியதாயிற்று. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளில் இது மிக விரிவாகப் பதிவாகியுள்ளது. திருப்போனகம், அதிரசப்படி, தோசைப்படி என வகைதோறும் எவ்வளவு படைக்கப்பட வேண்டும், அதில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் எழுதப்பட்டன. காஞ்சி வரதராசர் கோயிலின் விசயநகரக் காலக் கட்டளைகளும் இதே அமைப்பைச் சார்ந்தவை. கொடையாளி தம் விழுக்காட்டைத் தாமே பெறலாம். ஒரு மடத்துக்கோ இராமானுச கூடத்துக்கோ நந்தவனம் காப்போர்க்கோ விடலாம். தாம் உண்ணாத பிரசாதம் திருத்தல யாத்திரிகரிடம் விலையாகவும் ஆயிற்று. பிரசாதத்தை வாங்கி விற்போர் என ஒரு பிரிவினரே திருமலையில் உருவாயினர். பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை, கோயில் இம்முதலைத் தன் ஊர்களின் ஏரி, கால்வாய்களில் இட்டு, பெருகிய விளைச்சலால் தளிகைகளை நடத்தியதை எடுத்துக்காட்டியது. அர்ஜுன் அப்பாதுரை இதே பங்கீட்டை மரியாதையின் பகிர்வாக விளக்கினார்.

இவ்விரு விளக்கங்களையும் இணைத்துப் பார்த்தால் நம் வினாவுக்குரிய விடை புலப்படத் தொடங்கும். ஒரு கட்டளைக்காகக் கொடையாளி கொடுத்த தொகைக்கு ஈடாக அவர் பெற்றவை இருவகை. முதலாவது, நாள்தோறும் அல்லது ஆண்டுதோறும் வரும் பிரசாதப் பகுதி. இது பிறருக்கு விடத்தக்கது. இரண்டாவது, கல்லில் நிற்கும் பெயர், திருமுன் பெறும் மரியாதை, புண்ணியம். இவை விடத்தக்கன அல்ல. வழங்கு விலை இரண்டையும் சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டது. கைமாறும்போது முதலாவது மட்டுமே கைமாறியது.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு கட்டளைக்கு வழங்கு விலை 100 பணம். அதனால் வரும் விழுக்காட்டுப் பிரசாதத்தின் ஆண்டு மதிப்பு 4 பணம் எனக் கொள்வோம். பணம் இடுவோர் பத்துக்கு ஒன்று வரவு எதிர்பார்க்கும் காலத்தில், அந்த விழுக்காட்டை நிலையாக வாங்க முன்வருபவர் 40 பணத்துக்கு மேல் தரமாட்டார். எஞ்சிய 60 பணம் பெயருக்கும் மரியாதைக்கும் உரியது. இனி, கோயில் அதே கட்டளைக்குப் புதியவர்களிடம் 150 பணம் கேட்கிறது. விழுக்காட்டின் அளவு மாறவில்லை. பழைய விழுக்காட்டை வாங்குபவர் அப்போதும் 40 பணமே தருவார். வழங்கு விலை உயர்ந்தது. கைமாற்று விலை அசையவில்லை.

ஆனால் விலை உயர்வின் காரணம் எது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெல், நெய், வெல்லத்தின் விலை ஏறியதால் கோயில் தொகையை உயர்த்தியது என்றால், பழைய பங்கும் பொருளாகவே வருவதால் அதன் பண மதிப்பும் ஏறும். இங்கே இரண்டையும் உயர்த்தியது நெல்லின் விலை. வழங்கு விலை காரணமன்று, உடன்விளைவு. ஆண்டின் நாட்களெல்லாம் கட்டளைகளால் நிரம்பி, புதிய இடம் இல்லாததால் தொகை உயர்ந்தது என்றால், பழைய பங்குகளைத் தேடுவோர் பெருகுவர். அப்போது கைமாற்று விலை உயர வாய்ப்பு உண்டு. புதிய கொடையாளிக்குக் கூடுதல் மரியாதைகள் சேர்க்கப்பட்டதால் தொகை உயர்ந்தது என்றால், அவை பழைய பங்கில் இல்லை. அதன் மதிப்பு உயராததோடு, ஒப்பீட்டில் தாழவும் கூடும்.

குத்தகை மதிப்போ இம்மூன்றிலும் வழங்கு விலையைச் சார்வதில்லை. ஒரு திருநாளுக்கு விழுக்காட்டைக் குத்தகைக்கு எடுப்பவர் பார்ப்பது, அந்நாளில் வரும் கூட்டத்தையும், பிரசாதத்தை வேறு வழியில் பெற ஆகும் செலவையும் மட்டுமே. வைகாசிக் கருடசேவையன்று மந்தாரை இலை மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை வாங்குபவர், அத்தளிகைக்கு முதல் வைத்தவர் எத்தனை பணம் கொடுத்தார் என்று கேட்பதில்லை.

5. கைமாற்றக்கூடிய வட்டம்

ஓர் உரிமையின் கைமாற்று விலையை அதன் வரவு மட்டும் முடிவுசெய்வதில்லை. அதை வாங்கத் தகுதியுடையோர் எத்தனை பேர் என்பதும் முடிவுசெய்கிறது. கோயில் முறைகளின் வரலாற்றில் இதற்கு வளமான சான்றுகள் ஆங்கிலேயர் கால நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ளன.

1876இல் மலையாளப் பகுதிக் கோயில் ஒன்றின் நிருவாக உரிமை விற்பனை குறித்து இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு, பணப்பயனுக்காக அத்தகைய உரிமையை விற்பது செல்லாது என்றது. 1882இல் குப்பா குருக்கள், துரைசாமி குருக்கள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அர்ச்சக உரிமையை வாரிசு வரிசையில் இல்லாதவருக்கு விடுவதை ஏற்கவில்லை. கல்கத்தா காளிகட்டத்திலோ நிலைமை வேறு. அங்கு 'பாலா' எனப்படும் வழிபாட்டு முறைநாட்கள் வரையறுத்த ஒரு வட்டத்துக்குள் கைமாறும் வழக்கத்தை 1915இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றது. வடிவில் ஒன்றான உரிமை, ஓர் ஊரில் உறவினருக்குள் மட்டும் நகர்ந்தது. மற்றோர் ஊரில் சற்று விரிந்த வட்டத்தில் நகர்ந்தது. வரவு ஒன்றாகவே இருந்தாலும், வாங்குவோர் மிகுந்த இடத்தில் விலை வரவுக்கு அருகில் நிற்கும். வாங்குவோர் இருவர் மூவராகச் சுருங்கிய இடத்தில் அவர்கள் சொல்வதே விலையாகும்.

சின்ன காஞ்சிபுரத்தில் இவ்வுரிமைகளின் மதிப்பு பணத்தால் மட்டும் அளக்கப்படவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோடிகன்னிகாதானம் இலட்சுமிகுமார தாத்தாசாரியர் இக்கோயிலின் ஸ்ரீகாரியத்தை நடத்திய காலம் முதல் தாத்தாசாரியர் குடும்பத்தினர் இங்கு முதன்மை பெற்றனர். பிற்காலத்தில் பிரபந்தம் ஓதும் அத்தியாபக மிராசு குறித்து வடகலையார், தென்கலையார் இடையே எழுந்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றன; 1882இல் வெளியான தீர்ப்பு அவற்றுள் பெயர்பெற்றது. வழக்குக்குச் செலவிட்ட தொகையை அவ்வுரிமையின் வரவோடு ஒப்பிட்டு இதைப் புரிந்துகொள்ள இயலாது. யார் முன்னே நின்று ஓதுவது என்பதற்குக் கைமாற்று விலை கிடையாது. அதனாலேயே அது விட்டுக்கொடுக்க முடியாததாயிற்று.

1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1971இல் கொண்டுவந்த திருத்தம், கோயில் உள்துறைப் பணிகளில் வாரிசு அடிப்படையிலான நியமனத்தை ஒழித்தது. சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. அத்துடன் அப்பணிகளை வாரிசாகப் பெறும் சொத்தாகக் கருதிய சட்ட அடிப்படை தகர்ந்தது. உருவாக்கியவரோ அரசோ விதியை மாற்றினால் நூற்றாண்டுகளாகக் கைமாறிய மதிப்பும் ஒரு நாளில் மறையும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

6. ஆண்டுச் சுமையும் மிராசின் விலையும்

நிகர வரவைக் குறைக்கும் ஆண்டுச் சுமை கைமாற்று விலையை எவ்வாறு தின்கிறது என்பதைக் காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களின் மிராசுப் பங்குகள் காட்டுகின்றன. 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த செங்கற்பட்டு ஜாகீரில் தாமஸ் பார்னார்டு நடத்திய அளவை, ஊர்தோறும் பங்குகளையும் கோயில்களுக்கும் பணியாளர்க்கும் ஒதுக்கிய மேரைகளையும் பதிவுசெய்தது. 1794 முதல் 1798வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் காஞ்சிக் கோயில்களின் நிருவாகத்திலும் நேரடியாகத் தலையிட்டவர். 1799இல் அவர் அளித்த அறிக்கை மிராசை விற்கவும் ஒற்றிவைக்கவும் தக்க உரிமையாகக் கண்டது. அதே பிளேஸ், தாம் விதித்த தீர்வைக்கு உடன்படாத மிராசுதாரர்களை நீக்கவும் செய்தார். எல்லிஸ் 1818இல் அச்சான தம் விடைகளில் அஷ்டபோக தேஜஸ்வாமியத்துடன் மிராசு விற்கப்பட்ட தமிழ் ஆவணங்களைக் காட்டி, அது உண்மையான சொத்தே என்று வாதிட்டார்.

அக்கால வருவாய் விவாதம் முழுவதிலும் ஓடும் கருத்து ஒன்று உண்டு. அரசின் தீர்வை விளைச்சலில் உழுகுடிக்குரிய பங்கு நீங்கலாக எஞ்சியதை முழுவதும் எடுத்துக்கொண்டால், நிலத்துக்கு விற்கும் விலையே இராது. தீர்வை மட்டாக இருந்தால்தான் மிராசுக்கு விலை பிறக்கும். இதனை நம் சொற்களில் வைத்தால், கைமாற்று விலை என்பது வரவிலிருந்து ஆண்டுச் சுமையைக் கழித்து எஞ்சியதன் முதலாக்கம். எஞ்சுவது சுழியானால், அந்த ஊரை முதலில் காடு திருத்தியவர் எவ்வளவு செலவிட்டார் என்பதும், பக்கத்து ஊரில் இன்று ஒரு பங்கு உருவாக்க எவ்வளவு ஆகும் என்பதும் விலைக்கு உதவா.

7. காலப்பங்குத் தொழில்

விடுமுறைக் காலப்பங்கு 1960களில் ஐரோப்பாவில் உருவெடுத்தது. 1963இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாபிமாக், பங்காளர்கள் பல இடங்களின் இல்லங்களை முறைவைத்துப் பயன்படுத்தும் அமைப்பு. 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. தொடங்கிய பின் ஓரிடத்து வாரத்தை மற்றோரிடத்து வாரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பரவியது. இந்தியாவில் இத்தொழில் சென்னையிலிருந்தே வேரூன்றியது. 1986இல் தோன்றிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், உதகை போன்ற மலைவாழிடங்களை நடுத்தரக் குடும்பங்களுக்கு நாட்பங்காக விற்றது. 1996இல் உருவான மகிந்திரா ஹாலிடேஸ், ஆண்டுக்கு 7 நாள் வீதம் 25 ஆண்டுக்கான உறுப்பினர் உரிமையை, பருவங்களை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்தால் பிரித்து விற்றது.

கோயில் முறையோடு இதற்குள்ள ஒப்புமை வடிவில் மட்டுமன்று, விலையின் உள்ளமைப்பிலும் உண்டு. காலப்பங்கின் வழங்கு விலையில் பெரும் பகுதி விளம்பரம், விருந்தினர் கூட்டம், முகவர் தரகு ஆகியவற்றுக்குச் செல்கிறது. இப்பகுதி உறுப்பினர் கைக்கு வருவதே இல்லை. ஆகவே அவர் விற்கும்போது வாங்குபவர் அதற்கு விலை தருவதும் இல்லை. கட்டளையில் புண்ணியமும் பெயரும் கைமாறாதது போல, இங்கே விற்பனைச் செலவு கைமாறாது. ஒரு வேறுபாடு: கட்டளை வைத்தவர் கைமாறாத பகுதியைத் தாமே அனுபவித்தார், காலப்பங்கு வாங்கியவர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

நிறுவனம் விலையை உயர்த்தும்போது என்ன நிகழ்கிறது? பழைய உறுப்பினரின் பங்கை வாங்க எண்ணுபவருக்கு இரு மாற்று வழிகள் உள்ளன. நிறுவனத்திடமே புதிதாக வாங்கலாம். எதையும் வாங்காமல் வேண்டும்போது விடுதி அறையை வாடகைக்கு எடுக்கலாம். முதல் வழி கைமாற்று விலைக்கு மேல்வரம்பு. இரண்டாம் வழி, ஆண்டுச் சந்தாவோடு சேர்த்து, உண்மையான மதிப்பை நிர்ணயிக்கும் அளவுகோல். கைமாற்று விலை மேல்வரம்புக்கு வெகு கீழே நிற்கும் நிலையில் வரம்பை உயர்த்துவது எதையும் மாற்றாது. கூரையை உயர்த்தினால் அதன் கீழ் நிற்பவர் உயரமாகிவிடுவதில்லை. அறை வாடகை உயர்ந்தால் மட்டுமே உறுப்பினர் தம் நாட்களை வாடகைக்கு விட்டுப் பெறும் தொகையும் உயரும். ஆண்டுச் சந்தா அதனினும் விரைவாக உயர்ந்தால், மிராசுதாரரின் தீர்வை போல அது மதிப்பைச் சுழிக்குக் கொண்டுசெல்லும். மேலும் 25 ஆண்டு உரிமையில் ஆண்டுதோறும் ஒரு பங்கு தேய்கிறது. 9 ஆண்டு எஞ்சியுள்ள பழைய உரிமையைப் புதிய 25 ஆண்டு உரிமையின் இன்றைய விலையோடு ஒப்பிடுவது பொருந்தாது. சந்திராதித்தவரை நின்ற முறைக்கு இத்தேய்வு இல்லை.

விதிவிலக்கும் உண்டு. 1991இல் தொடங்கிய டிஸ்னி விடுமுறைக் கழகம், உறுப்பினர் விற்கும் பங்கை அதே விலைக்குத் தானே முதலில் வாங்கும் உரிமையை வைத்துக்கொண்டது. விலை மிகத் தாழும்போது நிறுவனமே வாங்கிக்கொள்ளக்கூடும் என்பதால் கைமாற்று விலை ஒரு தரை பெற்றது. வழங்கு விலையின் உயர்வு அங்கே கைமாற்று விலையையும் ஓரளவு இழுத்துச் செல்ல இடமுண்டு. மிராசு ஊர்களில் பங்காளிகளின் இசைவும் முன்னுரிமையும் வகித்த இடம் இதையொத்தது. ஆனால் அதே நிறுவனம் 2019 சனவரி முதல், பிறரிடமிருந்து பங்கு வாங்குவோர் தன் புதிய இல்லங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. கைமாறும் பங்கின் பயன் வட்டத்தை வழங்குபவரே சுருக்கினார். புதிய கொடையாளிக்கு மட்டும் கூடுதல் மரியாதை சேர்த்த மூன்றாம் நிலைக்கு இது நேரிணை.

8. கூட்டத்தின் விலை

குத்தகை மதிப்பு வழங்கு விலையைச் சாராமல் தேவையை மட்டும் சார்கிறது என்பதற்குச் சின்ன காஞ்சிபுரம் அண்மையில் ஒரு சான்று தந்தது. 40 ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரசு குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 2019 சூலை 1 முதல் ஆகசுட்டு 17வரை 48 நாட்கள் காட்சி தந்தார். அந்நாட்களில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஓர் அறைக்கும் ஒரு திண்ணைக்கும் கூட விலை பிறந்தது. அந்த விலைக்கும் அவ்வீட்டைக் கட்டிய செலவுக்கும் தொடர்பில்லை. 48 நாள் வாடகையைக் கொண்டு அவ்வீட்டின் நிலையான விலையைக் கணித்தவர் ஏமாந்திருப்பார். அத்தகைய பருவம் அடுத்து வருவது 2059இல். திருநாள் வரவையும் நீண்டகாலச் சராசரியையும் பிரித்துக் காணும் திறம் பழைய முறைகாரர்களுக்கு இயல்பாக இருந்தது. அவர்கள் வட்டமே அவ்வாறு அமைந்திருந்தது.

9. முடிவுரை

இவ்வொப்பீட்டிலிருந்து பெறும் முடிவுகள் பின்வருமாறு. முதலாவதாக, வழங்கு விலையின் உயர்வு தானாகவே கைமாற்று மதிப்பை உயர்த்துவதில்லை. புதிய வழங்கல் குறைந்து, கைமாறும் உரிமை குறைவுபடாது நிற்கும்போதும், வழங்குபவரே திரும்ப வாங்க முன்வரும்போதும் மட்டுமே அது உயர்வைக் கடத்துகிறது. இரண்டாவதாக, வழங்கு விலையும் கைமாற்று விலையும் ஒருங்கே உயரும் இடங்களில் பெரும்பாலும் மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் உயர்த்துகிறது. நெல்லின் விலையோ அறையின் வாடகையோ அது. மூன்றாவதாக, குத்தகை மதிப்பு தேவையையும் மாற்று வழிகளின் செலவையும் பின்பற்றுகிறது. நான்காவதாக, ஆண்டுச் சுமையும் கைமாற்று வட்டத்தைச் சுருக்கும் விதியும் வழங்கு விலை எவ்வளவு உயர்ந்தாலும் உரிமையை மதிப்பற்றதாக்க வல்லவை.

கல்வெட்டாய்வுக்கு இது ஒரு நடைமுறைப் பரிந்துரையைத் தருகிறது. அறக்கட்டளைத் தொகைகளை விலைவரிசையாகத் தொகுக்கும்முன், ஒவ்வொரு எண்ணும் வழங்கு விலையா, கைமாற்று விலையா, குத்தகையா என்று பிரித்துக் குறிக்க வேண்டும். காணி விற்றுக்கொடுத்த கல்வெட்டையும் கட்டளை வைத்த கல்வெட்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், 16ஆம் நூற்றாண்டுக் கொடைகளின் பெருக்கத்தை விலைவாசி உயர்வாகவும், மரியாதைக்கான போட்டியைப் பொருள்வளமாகவும் பிழைபடக் கொள்ள நேரும். பிரிந்த பட்டியல்களுக்கிடையே உள்ள இடைவெளியே ஆராயத்தக்கது. ஒரு காலத்துச் சமூகம் பயனுக்கு எவ்வளவும் பெயருக்கு எவ்வளவும் கொடுத்தது என்பதை அந்த இடைவெளி அளந்து காட்டும்.